ஜெபத்துக்கு நடுவே யாரும் பேசுவதில்லை

நான் சுட்ட பீக்கன் 'பை' பலகாரத்தில் இரண்டு துண்டு தின்று முடித்துவிட்டுத்தான் பாஸ்டர் டெல்மர் கேட்டார்: "ட்வைலாவுக்காக ஜெபிக்கணும்னு மனசுல பாரமா இருக்கு, சிஸ்டர் வெர்லீன். விஷயம் தெரியாம எப்படி ஜெபிக்கிறது?"

சொல்லித் தொலைத்தேன். ட்வைலா எங்கள் சபையின் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். முன்பு குடித்தாள், ஆறு வருஷமாக ஒரு சொட்டு தொடவில்லை. ஒவ்வொரு செவ்வாயும், பக்கத்து ஊரில் குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்கு அவளைக் காரில் கூட்டிப்போவது நான். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் இந்த மூலையில் அது தெரிந்த ஒரே ஆளும் நான்தான். பாஸ்டரிடம் சொன்னால் கடவுளிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு, ட்வைலாவை இன்னொரு வருஷம் வேலையில் வைப்பதா என்று சபை கைதூக்கி முடிவு செய்யவிருந்தது. பாஸ்டரின் அக்கா மகள் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதும் ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை சபைச் சாப்பாடு முடிந்ததும் வேதபாடம். பாஸ்டருக்கு வாரம் ஒரு கிரேக்கச் சொல் வேண்டும். அன்றைக்கு 'பனூர்கியா'. வேதாகமத்தில் தந்திரம் என்று போட்டிருக்கும்.

"பான்னா எல்லாம், எர்கோன்னா வேலை," என்றார். "எந்த வேலையையும் செய்யத் துணிஞ்சவன்னு அர்த்தம். இது கூடாதுன்னு அவனுக்கு ஒரு கோடே கிடையாது. அப்படிப்பட்டவன் சபைக்குள்ளயும் இருப்பான், ஜாக்கிரதை!"

"அப்ப அது என் மச்சான்தான், பாஸ்டர்!" என்றார் முன்வரிசை ஹாய்ட் கிழவர். எல்லோரும் சிரித்தோம். பீன்ஸ் தட்டோடு நின்ற ட்வைலாவும் சிரித்தாள்.

பிறகு தலைகள் குனிந்தன. பாஸ்டர் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை ஆட்டினார். பியானோவை மெல்ல வாசி என்று எனக்குச் சைகை. முப்பத்தோரு வருஷப் பழக்கம், வாசித்தேன்.

"ஆண்டவரே, உம்ம பிள்ளை ட்வைலாவை நினைச்சுப் பாரும்." குரல் தழுதழுத்தது. "பாட்டிலோட அவ போராடுற போராட்டம் உமக்குத் தெரியும். அவ கையில இருக்குற பச்சைப் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று பிடிக்க முடியாது. எங்கள் சபையில் ஜெபத்துக்கு நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. அது கடவுளோடு பேசும் பேச்சு. கண்ணைத் திறந்து பார்த்தவள் நான் ஒருத்தி. அந்த ஆளின் கன்னத்தில் நிஜமான கண்ணீர். என் விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன.

ஆமென் சொன்னதும் பெண்கள் ட்வைலாவைக் கட்டிக்கொண்டார்கள். "உனக்காக ஜெபிக்கிறோம், கண்ணு." வெள்ளிக்கிழமை காப்பகத்துக்குப் பதினான்கு குழந்தைகளில் ஐந்துதான் வந்தன.

யார் சொன்னது என்று ட்வைலா கேட்கவில்லை. வேறு யாருக்குத் தெரியும்? "அவர் அதைச் சொல்றப்போ உங்களால எப்படி வாசிக்க முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு, கைதூக்கும் முன் பாஸ்டர் மறுபடி தலைகுனிந்து விரலை ஆட்டினார். நான் பியானோவை மூடிவிட்டு எழுந்தேன்.

"ஆண்டவரே," என்றேன் உரக்க. "என் பலகாரத்தைத் தின்னுக்கிட்டே ட்வைலாவோட பழைய கதையை என் வாயிலிருந்து பிடுங்கின பாஸ்டரை மன்னியும். அக்கா மகளுக்கு வேலை வேணுமேன்னு அவர் படுற பாடு உமக்குத் தெரியும். ட்வைலா ஆறு வருஷமா குடியைத் தொடலைன்னும் தெரியும். உளறின என்னையும் மன்னியும்."

குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். எனக்கும் அது நன்றாகவே வந்தது. யாரும் குறுக்கிடவில்லை. பாஸ்டரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றுதான் ஆகவேண்டியிருந்தது.

பதினோரு கை வித்தியாசத்தில் ட்வைலா ஜெயித்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே அவளைத் தேடிப் போனேன். காப்பகச் சாவியை என் கையில் வைத்தாள்.

"ஒரே வாரத்துல ரெண்டு பேர் என் குடியை வச்சு ஜெபம் பண்ணிட்டீங்க, வெர்லீன்," என்றாள். "செவ்வாய்க்கிழமை கார் வேணாம். நான் பாத்துக்கிறேன்."