ஈயம் ஒட்டிய ஐசி

தையல்காரியின் வீட்டில் இரண்டு மேதைகள் இருந்தார்கள். அதனால் எந்தப் பொருளும் உருப்பட்டதில்லை. ஒருவர் அவள் கணவர், மெக்கானிக். மின் போர்டில் ஒட்டிய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுப்பதில் அவருக்கு நிகர் அவரே என்பது அவருடைய சொந்தக் கருத்து. அவருடைய உறிஞ்சுகுழல் ஒரு முறை உருகிய ஈயத்தோடு, எதிரே நின்ற வாடிக்கையாளரின் சட்டைப் பித்தானையும் இழுத்துக்கொண்டதாம். பித்தானை இழந்தவரைத்தான் இதுவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொரு மேதை அவள் தம்பி. ஈயத்தை ஊதியே உருக்கும் வெப்பக்காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கியதிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

மின்னல் அடித்த நாளில் அவளுடைய எம்பிராய்டரி மெஷினின் போர்டு செத்தது. அதிலிருந்த ஐசி என்ற நினைவுச் சில்லு மட்டும் பிழைத்தது. வருஷக்கணக்காக அவள் வரைந்து சேர்த்த பூவும் கொடியும் கிளியும் அந்த ஐசிக்குள்தான். வேறெங்கும் நகல் இல்லை. பழைய மெஷின் ஒன்றிலிருந்து நல்ல போர்டு கிடைத்தது. அதிலிருக்கும் அதே மாதிரியான வெற்று ஐசியைக் கழற்றிவிட்டு இவளுடையதை வைத்தால் போதும்.

“துப்பாக்கிய வெச்சு தலைமுடி காய வை, மாப்ள. ஐசி பக்கம் வராத.”

“நீங்க உறிஞ்சி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான், மாமா.”

கடைசியில் அவளுடைய ஐசி இருந்த செத்த போர்டு கணவருக்கு, நல்ல போர்டு தம்பிக்கு என்று பங்கு பிரித்தார்கள். துணி வெட்டும் மேஜையின் இரு முனைகளிலும் உட்கார்ந்தார்கள். கணவர் பழைய ஈயத்தின் மேல் முதலில் புது ஈயத்தை வைத்தார்.

“எடுக்கச் சொன்னா வைக்கிறாரே!” என்று தம்பி சிரித்தான்.

“பழசு இளகணும்னா புதுசு சேரணும்டா.”

அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அப்புறம் அது பந்தயமாகிவிட்டது. புகையில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இருவரும் போர்டை மேஜையில் தட்டினார்கள். இரண்டு ஐசிகளும் துள்ளி, நடுவிலிருந்த பச்சைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. ஒன்றின் கால்கள் பளிச்சென்று இருந்தன. மற்றதில் இரண்டு கால்களுக்கு நடுவே மூக்குத்தி போல ஓர் ஈயக் கட்டி.

“சுத்தமா இருக்கே, அதான் என்னுது!” என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

நல்ல போர்டின் செப்புக் கோடுகள் சூட்டில் தளர்ந்திருந்தன. தப்பான ஐசியை வைத்துவிட்டு இன்னொரு தடவை கழற்றி மாட்டினால் தாங்காது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேதைகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

“ஏங்க, உண்மையச் சொல்லுங்க. என் பூவெல்லாம் இதுலதான் இருக்கு.”

“நான் எடுத்த ஐசியில ஈயம் ஒட்டுமா? யாரப் பாத்துக் கேக்கற?”

“அக்கா, நான் காத்துல எடுத்தேன்கா. எப்படிக்கா ஒட்டும்?”

அவள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அழுவதா, அகப்பையை எடுப்பதா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஈயக் கட்டி ஒட்டியதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டு குப்பைக்கூடையிடம் போனாள். அதன் மிதியைக் காலால் அழுத்தினாள், மூடி திறந்தது.

“அப்போ இது யாரோடதும் இல்ல. போய்த் தொலையட்டும்.”

தம்பி விசிலடித்தான். கணவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியை எண்ணினார், ஒன்றுதான் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

“அது… இருக்கட்டுமே.”

“எதுக்கு?”

“ஏதாவது உதவும்.”

அவள் காலை எடுத்தாள். மூடி விழுந்தது.

“இதையே வைங்க,” என்றாள். “ஒரு வார்த்தை பேசாம வைங்க.”

சாயங்காலம் மெஷின் முதல் பூவைத் தைத்தது. இதழ் பிசகாமல் அவளுடைய பூதான். வாசலில் கணவர் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்தையும் மீறி அவள் காதில் விழுந்தது.

“ரெண்டும் ஒரே மாதிரி ஐசி. மாறிடக் கூடாதில்ல? அடையாளத்துக்குன்னு நான்தான் ஒரு பொட்டு ஈயம் விட்டு வெச்சேன்.”

கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தம் சட்டைப் பித்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.