திமிலில் விழுந்த வெள்ளை

நல்லா வந்த படமெல்லாம் அவர் எடுத்தது, கெட்டுப்போன படமெல்லாம் நான் கழுவியது. மீனாட்சிபுரத்தில் நாங்கள் ஸ்டுடியோ தொடங்கி ஒன்பது வருஷமாக இதுதான் வழக்கம். அவர் என்றால் என் வீட்டுக்காரர் அப்புசாமி. முக்காலியில் நிற்கும் பெரிய மரக் கேமரா அவருடையது, இருட்டறை என்னுடையது. வாசல் பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. பிலிமை டெவலப்பரில் ஆட்டி, ஹைப்போவில் போட்டு, உலர்த்தி, பிரிண்ட் போடுகிற கை இந்த மருதாத்தாளுடையது என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தேன். பொங்கியண்ணனின் காளை வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். பொங்கியண்ணன் ஊருக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருந்தவர், மாட்டுப் பைத்தியம். அவருடைய காரிக்காளையைப் பொலிகாளையாக வாங்கிக்கொள்ளத் தாராபுரத்துக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு, முதலில் படம் அனுப்பச் சொல்லியிருந்தார். அனுப்பிய பத்தாம் நாள் படம் திரும்பி வந்துவிட்டது. பொங்கியண்ணன் அதைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க அப்புசாமி, என்ற காளைக்குச் சுழி சுத்தம், நெறம் சுத்தம். திமிலு மேல இந்த வெள்ளை எங்கிருந்து வந்துச்சுங்க? வெள்ளை விழுந்த காளை பட்டிக்கு ஆகாதுன்னு எழுதிப்போட்டாரு அந்த மனுசன்."

படத்தின் மேல் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைக் கீற்று இறங்கி, கன்னங்கரேலென்ற திமிலின்மேல் படிந்திருந்தது. பிறவி வெள்ளை மாதிரியே இருந்தது. சுழி பார்த்து மாடு பிடிக்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

இவர், என் வீட்டுக்காரர், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உள்ள கழுவறப்ப வெளிச்சம் பூந்திருச்சுங்க. பொம்பளை கைவேலைதான பாருங்க. எங்கண்ணன் மகன் காளிச்சாமி கோயமுத்தூர் ஸ்டுடியோவுல இருக்கறான். வரச் சொல்லி எழுதறேன். இனி இருட்டறை அவன் பொறுப்பு. இவ மாட்டையும் ஊட்டையும் பாத்துக்குவா."

எனக்குக் கோபம் உச்சிமண்டைக்கு ஏறியது. மாடு மேய்ப்பது ஒன்றும் கேவலமில்லை, பிறந்த வீட்டில் இருபது உருப்படி மேய்த்தவள்தான் நான். ஆனால் இந்த ஊரிலேயே நான் வைத்தது சட்டம் என்று இருந்தது அந்த ஆறடி அறை ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கென்று என்ன மிச்சம்? அதற்காக அழுது கேட்கிற ரகமும் இல்லை நான்.

"பொங்கியண்ணா, நாளைக்குக் காளையைப் புடிச்சுட்டு வாங்க" என்றேன். "வெள்ளை எங்கிருந்து வந்துச்சுன்னு காட்டிப்போடறேன். என்ற இருட்டறையில இருந்து வந்திருந்தா காளிச்சாமி வரட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று இவர் முணுமுணுத்தார்.

"ஆருக்கு ஆடத் தெரியலைன்னு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

மறுநாள் காலையில் நல்ல வெயில். காளையை வாசலில் கட்டிவிட்டுப் பொங்கியண்ணன் உள்ளே வந்தார். நான் பத்து நெகட்டிவை ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருந்தேன்.

"இது காளை. இது பால் சங்கத்துக் குரூப். இது ரெண்டும் கல்யாணம். நாலுலயும் கீத்து இருக்குது, நாலும் வெளியில எடுத்தது. மிச்சம் ஆறும் இங்க திரைக்கு முன்னால எடுத்தது, பளிங்காட்டம் இருக்குது. எல்லாத்தையும் ஒரே தொட்டியில ஒரே கைதான் கழுவுச்சு. காளையா பாத்துக் கெடுக்கோணும்னு இருட்டறைக்குத் தெரியுமாங்க?"

பொங்கியண்ணன் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் பாருங்க" என்றேன். பிலிம் வைக்கிற மரச்சட்டத்தை ஸ்லைடு என்போம். அதன் ஓரத்துக் காடிப் பள்ளம் பிலிமின் விளிம்பை ஒரு நூலளவு மறைத்துப் பிடித்திருக்கும். பிரிண்டில் வெள்ளையாக இருக்கிற கீற்று நெகட்டிவில் கறுப்பு. அந்தக் கறுப்பு விளிம்பைத் தொடாமல், கத்தரித்தது போல ஒரு நூல் முன்னாலேயே நின்றிருந்தது. "இருட்டறையில பிலிமு மொட்டையாக் கெடக்கும். அங்க வெளிச்சம் பட்டிருந்தா விளிம்பும் சேந்து கறுத்திருக்கோணும். இது ஸ்லைடுக்குள்ள இருக்கறப்பப் பட்டது. உங்க கையில இருக்கறப்ப."

அவர் முகம் சுண்டிப்போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்துப் பேசப் போவதில்லை.

"அப்ப ஸ்லைடு ஓட்டையா இருக்கும்" என்றார்.

"நாலு படமும் மூணு ஸ்லைடுல எடுத்தது. மூணும் சொல்லி வெச்சாப்பல ஒரே எடத்துல ஓட்டையாகுமாங்க? கேமராதான்."

பிலிமை வீணாக்க மனமில்லாமல், பிரிண்ட் போடுகிற காகிதத்தை வெட்டி இருட்டறையில் ஸ்லைடுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றாமல், ஸ்லைடின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தகட்டை மட்டும் உருவி, கேமராவை வெயிலில் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். எங்கும் ஓட்டையில்லை என்றால் காகிதம் வெள்ளையாக இருக்க வேண்டும். கழுவினேன். கீழ் விளிம்பில் கறுப்புக் கீற்று. கேமராவுக்குள் உருவம் தலைகீழாகத்தான் விழும், ஆகவே படத்தில் மேலே இருக்கிற கோளாறு கேமராவில் கீழே இருக்கும்.

இரண்டாவது காகிதத்துக்குக் கேமராவின் பின்பக்கத்தை மட்டும் கறுப்புத் துணியால் நன்றாகச் சுற்றிக் கட்டினேன். நடுவில் இருக்கிற தோல் துருத்தி முழுக்க வெயிலில்தான் இருந்தது. அதுவும் ஐந்து நிமிஷம். கழுவினால் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. துருத்தியில் குற்றமில்லை. ஸ்லைடு உட்காருகிற பின்சட்டத்தில், கீழ்ப்பக்கம்தான் கசிகிறது.

இவர்கள் இருவரும் காளையின் பக்கம் போயிருந்தார்கள். நான் ஸ்லைடை எடுத்துவிட்டுக் கீழ்ச்சட்டத்தில் விரலை ஓட்டினேன். ஒரு மூலையில் சொரசொரவென்று ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தேன். காய்ந்து இறுகிப்போன சந்தனம், ஓர் அரிசி கனத்துக்கு. அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு.

அந்த வருஷ ஆயுத பூசைக்குக் கேமராவைத் துடைத்துப் பொட்டு வைத்தது நான்தான். லென்ஸ் பக்கம் கை வைக்காதே என்று இவர் கத்துவார் என்று, கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துப் பின்சட்டத்தில் மூன்று விரலால் தாராளமாகத் தீற்றியிருந்தேன். மூன்று விரலின் தடமும் அப்படியே இருந்தது. அதன்மேல் ஸ்லைடு எப்படிப் படிந்து உட்காரும்? கெட்டுப்போன நாலு படமும் பூசைக்குப் பிறகு எடுத்தவை. அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாதென்று சும்மாவா சொன்னார்கள்.

நகத்தால் நாலு சுரண்டு சுரண்டினால் போய்விடும். மழைக்கு மரம் உப்பியிருக்கிறது என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள். அறை எனக்கே இருக்கும். கட்டைவிரல் நகம் சந்தனத்தில் படவும் பட்டது. ஆனால் அப்படி வாங்கிய அறைக்குள் போய் எந்த முகத்தோடு நிற்பது?

"ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். இருவரும் வந்தார்கள். "இது நான் வெச்ச சந்தனம். இதுதான் ஸ்லைடைத் தூக்கி நிறுத்துது, அந்தச் சந்துலதான் வெளிச்சம் பூந்துது. தப்பு என்றதுதானுங்க பொங்கியண்ணா, உங்க காளைக்கு வெள்ளை வெச்சது நான்தான். ஆனா கழுவறதுல தப்பில்லை. அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

இவர் குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். 'பார்த்தாயா, பொம்பளை கை' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஒரு பக்கம் ஸ்லைடு இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "மரம் உப்பிருச்சுன்னு நெனச்சு அமுத்தி அமுத்தித் தள்ளுனேன். உள்ள எடுக்கறப்ப நிழலு, தகட்டை உருவுனதும் எடுத்துப்போடுவேன். வெளியில உருவிப்போட்டு, மாடு திரும்பட்டும், மாப்பிள்ளை சிரிக்கட்டும்னு அஞ்சு நிமிசம் வெயில்ல நின்னவன் நான்தான்." பேனாக்கத்தியை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

"காளிச்சாமிக்கு எழுதிப்போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டேன். இன்னைக்கே இன்னொண்ணு எழுதிப்போடறேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

"வர வேண்டாம், ஆளு இருக்குதுன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொங்கியண்ணன் முன்னால் அழக் கூடாதென்று வாசலில் இறங்கி, காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து புதுப் படத்துக்கு வெயில் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன்.