பன்னிரண்டாவது மனு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். "அரசாங்கச் செலவில் விளையாட்டரங்கம் கட்டிப் பெரிய விழா நடத்துவதால் ஊருக்கு நன்மை உண்டா? உங்கள் ஊரில்தான் ஒன்று இருக்கிறதே, எழுதுங்கள்" என்றார். இருப்பது உண்மைதான். கிர்கிஸ்தானில் இருக்கும் எங்கள் அக்-தோபேயில், ஏரிக்கும் மலைக்கும் நடுவில், எட்டாயிரம் இருக்கைகளோடு இருக்கிறது. ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்.

உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்:

உலகெங்கும் நகரங்கள் பெரும் விளையாட்டு விழாக்களை நடத்தப் போட்டிபோடுகின்றன. ஆனால் விழா முடிந்த பிறகு

அந்த 'ஆனால்' வந்ததுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே இப்படி என்றால் படிக்கிற உங்கள் பாடு என்ன ஆவது? பேனாவை மூடிவைத்த நேரம் பார்த்து, நான் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனைக்குள் கலிபா அக்கா வந்தார். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"உன்னால ஒரு வேலை ஆகணும் தம்பி. ஆனா இப்ப இல்ல. முதல்ல அரங்கத்து எர்னிஸ்கிட்ட பேசிட்டு வாரேன்."

அன்றைக்குக் கட்டுரை செத்தது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

2

(இந்தப் பகுதியை அழகாகத் தொடங்க மூன்று முறை முயன்றேன். 'ஏரியின் நீலம்' என்று தொடங்கியதை அடித்தேன். 'கிர்கிஸ் மலைகளின் மௌனம்' என்று தொடங்கியதை இரண்டு முறை அடித்தேன். பதினெட்டு வருடமாக இங்கே வைத்தியம் பார்க்கிறேன், எந்த மலையும் மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று காற்றடிக்கும், இல்லாவிட்டால் யாராவது ஆட்டைத் தேடிக் கத்துவார்கள்.)

கலிபாவின் கணவர் ஜுமாதில். ஊர் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறவர். நம் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்போமே, அதே வேலை. அரங்கம் வந்ததிலிருந்து அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: தலைநகருக்கு மனு எழுதுவது. பதினொரு மனுக்கள். அரங்கத்துப் புல் ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறது என்பது முதல் மனு. இருக்கைகளை மேற்கே பார்த்துக் கட்டியதால், மதியத்துக்கு மேல் உட்காருகிறவன் வெயிலைத்தான் பார்க்கலாம், விளையாட்டைப் பார்க்க முடியாது என்பது மூன்றாவது. ஏழாவது மனுதான் ஊரில் பிரபலம். அதில் ஒரே வரி: "குதிரை விளையாட்டுக்குக் கட்டிய அரங்கத்தில் வருகிறவன் தன் குதிரையைக் கட்ட ஒரு முளை இல்லை."

அதுவும் உண்மை. வரைபடம் போட்டவர்கள் கார் நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன், அரங்கத்தைக் கட்டவைத்த அந்தப் பெரிய விளையாட்டு விழா எட்டு நாள் நடந்தபோது, எங்கள் ஊர்க்காரர்கள் எதிர் மேட்டில் குதிரை மேலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

எட்டு நாளும் ஊர் கொழித்தது. ஒவ்வொரு வீட்டிலும் வெளியூர் விருந்தாளி. கலிபா எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும் புகைபோட்ட மீனும் விற்றார். ஒன்பதாம் நாள் எல்லோரும் போய்விட்டார்கள். புல் மட்டும் தண்ணீர் கேட்டபடியே இருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஜுமாதில் மாரடைப்பில் போனார்.

3

இங்கே ஒருவர் இறந்து ஓராண்டு நிறையும்போது, ஊரைக் கூட்டி, குதிரை அறுத்துச் சோறுபோட்டு, அவர் பெயரில் குதிரைப் போட்டிகளும் நடத்துவார்கள். அதற்கு ஆஷ் என்று பெயர். அன்றைக்குத்தான் மனைவி கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டு வெள்ளை கட்டுவார். ஆஷ் நடத்தாவிட்டால், இறந்தவரை அனுப்பிவைத்ததாகக் கணக்கில்லை.

கலிபா போனபோது எர்னிஸ் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவர்தான் அரங்கத்தின் இயக்குநர். ஜுமாதிலுக்குச் சித்தப்பா மகன்.

"வாங்க அண்ணி.* அண்ணன் போயும் மனு நிக்கலையா?"

"மனு இல்ல. எடம் கேட்டு வந்தேன். உங்க அண்ணன் ஆஷுக்கு."

குழாய் கை நழுவி அவர் பூட்ஸையே நனைத்தது.

"எங்க, இங்கயா? அண்ணி, அவரு இத இடிக்கச் சொல்லி எழுதுனவரு! நாலாவது மனு எனக்கு மனப்பாடம். 'இதற்கு இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் எதை இயக்குகிறார் என்று தெரியவில்லை'ன்னு எழுதுனாரு. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவனப் பத்தி இப்படி எழுதலாமா?"

"சரியாத்தான எழுதியிருக்காரு. என்னத்த இயக்குற? குழாயத்தான?"

"புல்லு எப்படிப் பச்சையா இருக்குன்னு பாருங்க!"

"பாக்கத்தான் செய்யுறேன். மேய ஒரு ஆடு இல்ல."

எர்னிஸ் சிரித்துவிட்டார். அண்ணியிடம் கொழுந்தன் ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருக்க இந்த ஊரில் வழக்கமில்லை. கலிபா மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

"வேற எடம் இருந்தா நீயே சொல்லு. ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் சேறு. ஊருக்கு இருந்த சமதரை இது ஒண்ணுதான், அதுமேலதான் நீங்க கட்டிட்டீங்க. எங்க மாமனாரு ஆஷ் இங்கதான் நடந்துச்சு. அவங்கப்பாவுக்கும் இங்கதான்."

எர்னிஸ் குழாயை மூடினார். தேசிய அல்லது சர்வதேச நிகழ்ச்சிக்கு மட்டும்தான் இடம் கொடுக்கலாம் என்று விதி இருப்பதைச் சொன்னார். சொல்லும்போது அவர் அண்ணியைப் பார்க்கவில்லை.

* கிர்கிஸில் அண்ணியை ஜெங்கே என்பார்கள். அண்ணி என்றே எழுதிவிடுகிறேன். கேலி பண்ணும் உரிமை இரண்டு ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

3, மறுபடியும்

மூன்றாம் பகுதியை முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கலிபா எதற்காக இந்த இடத்தையே கேட்கிறார்? ஊர் மேட்டில் பந்தயம் இல்லாமல் விருந்து மட்டும் வைக்கலாமே? ஆகவே இப்படி ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன்:

தன் கணவனை உதாசீனப்படுத்திய அந்தக் கட்டடத்தை அவனுக்கே தலைவணங்க வைப்பது என்று கலிபா முடிவுசெய்தாள். அவள் கண்களில்

பிறகு, அவர் கதையை அவரிடமே சரிபார்த்துவிடலாம் என்று, அதை கிர்கிஸில் சொல்லிக் காட்டினேன்.

"பழி வாங்குறேன்னு எழுதியிருக்கியா? யார? சிமெண்டையா?"

அந்தப் பத்தி அத்தோடு போனது. கண்களில் என்ன இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். நானும் அவரை அவள் இவள் என்று எழுதியிருக்கக் கூடாது.

"பந்தயம் இல்லாம அந்த மனுசன அனுப்ப முடியாது தம்பி. குதிரைன்னா உசுரு. ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. அவரு மனசு ஒப்புமா? அஞ்சு வருசம் எதுத்து எழுதுன எடத்துலயே கொண்டுபோய் அவருக்குச் சோறு போடுறேன்னா, நான் அவருக்குத் துரோகம் பண்ணுறனா?"

சட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டம்போட்ட தாளை எடுத்தார். கணவர் கோட்டுப் பையில் கிடைத்ததாம். வழக்கமான அழுத்தமான கையெழுத்து. தேதி இல்லை.

"மதிப்பிற்குரிய ஐயா, அக்-தோபே அரங்கத்தால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை என்று பதினொரு முறை எழுதியிருக்கிறேன். நேற்று"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

4

இந்த 'நேற்று' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அக்காவைக் கேட்டேன். புல்லுக்காக மதகை உடைத்திருப்பார்கள், அதைத்தான் எழுத வந்திருப்பார் என்றார். எர்னிஸைக் கேட்டேன். அவர் சொன்னார்:

"ஒரு நாள் வந்தாரு. கடைசி வரிசைல ஒக்காந்து சூரியகாந்தி விதை தின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் ஏரியப் பாத்தாரு. பள்ளிக்கூடத்துப் பொம்பளப் புள்ளைங்க கீழ ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. போறப்ப தொலிய எல்லாம் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு."

"எப்ப?"

"தெரியலையே. செத்துப்போவாருன்னு தெரிஞ்சிருந்தா தேதி குறிச்சிருப்பேன்."

எனக்கும் ஒரு ஊகம் இருக்கிறது. விழாவுக்காகப் போட்ட சாலைதான் எங்கள் மருத்துவமனைக்கு வருகிறது. முன்பு ஒன்றரை மணி நேரம் ஆகும், இப்போது அரை மணி. மாரடைப்பு வந்த அன்றைக்கு ஜுமாதிலை அந்தச் சாலையில்தான் கொண்டுவந்தார்கள். பழைய சாலையாக இருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும். என் வார்டில் ஒன்பது நாள் இருந்தார். மகள் தூரத்திலிருந்து வந்துசேர்ந்தாள், அவள் கையால் சூப் குடித்தார். அந்தக் கோட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. 'நேற்று அந்தச் சாலையில் வந்தேன்' என்று எழுத வந்திருக்கலாம்.

(அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் கதை அழகாக முடிந்துவிடும். கை துறுதுறு என்கிறது. எழுதமாட்டேன்.)

என் ஊகத்தை அக்காவிடம் சொன்னேன். தாளை நான்காக மடித்தார்.

"ஒம்பது நாள்," என்றார். பிறகு, "சரி. ஒப்பலன்னா அங்க போய் பன்னெண்டாவது மனுவ எழுதி முடிக்கட்டும். அவருக்கா எழுதத் தெரியாது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னால் ஆக வேண்டிய வேலை என்ன என்று அப்போதுதான் சொன்னார்.

5

நான் என்னை இந்தக் கதைக்குள் விடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை.

"நீ வெளிநாட்டுக்காரன்தான?" என்றார் கலிபா.

"பதினெட்டு வருசமா இங்கதான் கெடக்கேன் அக்கா."

"அத விடு. பாஸ்போர்ட்டு என்ன சொல்லுது?"

அந்தப் பாஸ்போர்ட்டை வைத்து எர்னிஸ் விண்ணப்பம் எழுதினார்: 'ஜுமாதில் நினைவு சர்வதேசக் குதிரைப் போட்டிகள். பங்கேற்கும் நாடுகள்: கிர்கிஸ்தான், இந்தியா.' இந்திய அணியில் ஒரே ஆள், அவனுக்கும் குதிரை மேலிருந்து விழத்தான் தெரியும் என்பதை எழுதவில்லை. பதினொரு மனுவுக்கு வாய் திறக்காத அலுவலகம் இதற்கு நாலே நாளில் பதில் அனுப்பியது. அனுமதி உண்டு, இந்தியக் கொடியும் ஏற்ற வேண்டும் என்றது.

தையல்காரப் பெண்ணிடம் நம் கொடியின் படத்தைக் காட்டினேன். நடுவில் சக்கரம்தானே, தெரியும் என்றாள். அவள் கைக்குத் தெரிந்த சக்கரம் ஒன்றுதான்: கூடாரத்தின் உச்சியில் இருக்கும், கிர்கிஸ் கொடியின் நடுவிலும் இருக்கும் மரவளையம். காவிக்கும் பச்சைக்கும் நடுவில் அதைத்தான் நீலத்தில் தைத்துக்கொண்டுவந்தாள். வாங்கி மடித்துக்கொண்டேன். பதினெட்டு வருடத்தில் என் கொடியும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

6

ஆஷுக்கு அறுநூறு பேர் வந்தார்கள், பாதிப் பேர் குதிரையில். வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழாவது மனு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கலிபா தயாராக இருந்தார். முக்கிய விருந்தினர் வரிசைக்கு முன்னிருந்த கம்பியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கயிறு இழுத்துக் கட்டச் சொன்னார்.

"அண்ணி, புல்லு!" என்றார் எர்னிஸ்.

"திங்கட்டும்டா. ஆறு வருசமா எதுக்கு வளத்த?"

முந்நூறு குதிரைகள் மந்திரிமார் நாற்காலிகளுக்குள் மூக்கை நீட்டி நின்றன. மனிதர்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி எதிர் மேட்டில் உட்கார்ந்தார்கள். எர்னிஸ் கொஞ்ச நேரம் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே ஒரு குட்டிக்குப் புல் பிடுங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். கறி வெந்துகொண்டிருந்த இடத்தில் பெண்களுக்குள் ஒரே விவாதம். கலிபாவின் நாத்தனார், "இவ்வளவு கூட்டத்துக்கும் கக்கூசு இருந்த ஆஷு இதுதான்டி முதல் தடவ! பயன் இல்லன்னு எங்க அண்ணன் எழுதுனாருன்னா அவரு ஆம்பள, எங்கயும் ஒதுங்கிக்குவாரு" என்றார். நான் கேட்ட வாதங்களிலேயே அதுதான் பலமானது.

கலிபா கறுப்பை அவிழ்த்துவிட்டு வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன் வந்தார். மனுவைப் படித்தார். 'நேற்று' என்றதும் நிறுத்தினார். மேடு முழுவதும் மேலே என்ன என்று காத்திருந்தது.

"இவ்வளவுதான் எழுதியிருக்காரு. மிச்சம் தெரிஞ்சவங்க சாப்பிடும்போது சொல்லுங்க. இப்ப ஆட்டத்தத் தொடங்குங்க."

தலையறுத்த ஆட்டைக் குதிரைமேலிருந்தே பறித்துக் கொண்டுபோய் வட்டத் தொட்டியில் போடுகிற விளையாட்டு அது. இந்திய அணி முதல் சுற்றிலேயே விழுந்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

7

முடிவுகள். (அ) புல்லை மேயவிட்டதற்காக எர்னிஸ் வேலை போகிறது. (ஆ) அலுவலகத்தார் வந்து பார்த்து, கயிறு நல்ல யோசனை என்று முளையடிக்கப் பணம் ஒதுக்குகிறார்கள். (இ) ஒன்றும் நடக்கவில்லை. புல் மறுபடி வளர்கிறது. எனக்கு மூன்றும் பிடித்திருக்கிறது, மூன்றையும் நம்பவில்லை.

சாப்பாட்டில் நாற்பது பேராவது அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்தார்கள். நாற்பதும் வேறு வேறு. கலிபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் இன்னொரு துண்டு கறி வைத்தார். நான் பேனாவை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"அந்தத் தாள்ல நீ எழுதக் கூடாது. அவரு கையெழுத்து இல்லாம மனு செல்லாது. ஒனக்கு எழுதணும்னா ஒன் தாள்ல எழுதிக்க."

ஆகவே, என் தாளில்:

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அக்-தோபே அரங்கத்தால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்று