ஒரு விரல் இடைவெளி

“நீங்க லாரியோட போனப்புறம் நான் என்ன பண்றேன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? என் குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்குவே.”

கல்யாணமான புதிதில், வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்க, இருவரும் பேசிக்கொண்டது. அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்துக் கேட்பதற்கென்று வைத்திருந்ததை அந்தச் சிரிப்பு விழுங்கிவிட்டது. பிறகு மகள் பிறந்தாள். பள்ளிக்கூடம், காய்ச்சல், கல்யாணம் என்று கேட்காமல் இருக்க ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது. இப்போது மகளும் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கணவர் சாலையில் இருக்கும் நாட்களில் வீட்டில் பேச ஆளில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் இவளும் வணக்கம் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று ஜன்னலைப் பார்ப்பாள்.

லாரியின் எஞ்சின் படுத்துவிட்டதில் சில நாட்களாக அவர் வீட்டோடு இருந்தார். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டார், உப்பு போதவில்லை என்றார், நடுக்கூடத்தில் மல்லாந்து குறட்டை விட்டார். அவள் வாய் ஓயாமல் திட்டினாள். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டி எத்தனையோ காலமாகியிருந்தது.

மாற்று எஞ்சின் வந்துவிட்டது. உதவிக்கு வரும் மெக்கானிக்குக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதால் ஷெட்டில் இன்று உதவிக்கு அவள். பானெட்டைக் கழற்றிய லாரியின் முன்பக்கத்தில் அந்த எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. லாரியிலேயே இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வாயில், எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும், பூசணிக்காய் போல் உருண்டு கனத்த டார்க் கன்வெர்ட்டரை அவர் காலையிலேயே மாட்டியிருந்தார்.

“இது கடைசிவரைக்கும் உள்ளே இறங்கி உட்காரணும். உட்கார்ந்துட்டா, எஞ்சினைக் கையால தள்ளினாலே கியர்பாக்ஸோட ஒட்டிக்கும். ஒட்டலைன்னா போல்ட்டைத் தொடக்கூடாது. முடுக்கினா உள்ளே இருக்கிற ஆயில் பம்ப் நொறுங்கிடும். புதுசு வர ஒரு மாசமாகும்.”

“பாடம் முடிஞ்சுதா வாத்தியாரே? பரீட்சை எப்போ?”

“இப்பவே. நீ மேலேருந்து பார்த்துச் சொல்லு. கீழேருந்து எனக்குத் தெரியாது.”

இருவருமாக எஞ்சினைத் தள்ளினார்கள். சங்கிலி கிறீச்சிட்டது. அவர் ஸ்பேனரோடு லாரிக்கடியில் நுழைந்துகொண்டார். அவள் பம்பர்மேல் ஏறிக் குனிந்தாள்.

“ஒட்டிடுச்சா?”

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கியர்பாக்ஸுக்கு அவர் முட்டுக்கொடுத்தபோது கன்வெர்ட்டர் கொஞ்சம் வழுக்கி முன்னால் வந்திருக்க வேண்டும். அது அவளுக்குப் புரிந்தது. ஒரு மாசம் என்பதும் புரிந்தது.

“ஒட்டிடுச்சு,” என்றாள்.

ஸ்பேனர் திரும்பியது. இடைவெளி இழையளவு மெலிந்தது. இன்னும் ஒரு மாசம் நாற்காலியில் ஈரத் துண்டு, சாப்பிடும்போது பக்கத்தில் இரண்டாவது தட்டு. கீழே அவர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் அவருக்குத் துளிச் சந்தேகம் இருந்திருந்தாலும் அந்த முணுமுணுப்பு வந்திருக்காது.

“நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்க. ஒட்டலை.”

நெற்றியெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தவர், மேலே ஏறி இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஒட்டிடுச்சுன்னியே?”

“சொன்னேன்.”

“பம்ப் போயிருந்தா ஒரு மாசம் நான் வீட்லதான் கிடக்கணும்.”

“தெரியும்.”

அவர் மறுபடி கீழே நுழைந்தார். போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை விலக்கி, கன்வெர்ட்டரை இரு கைகளாலும் திருகித் திருகி அழுத்தினார். டொக்கென்று அது உள்ளே இறங்கியது. மறுபடி தள்ளினார்கள். இந்த முறை முழுக்க ஒட்டிக்கொண்டது. அவள் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, தானும் ஏறி ஒருமுறை பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

போல்ட்டுகளை முடுக்கி முடித்ததும் சக்கரத்தில் சாய்ந்து கை துடைத்தார்.

“ஏன் அப்படிச் சொன்னே?” குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் கேபின் கதவைத் திறந்தாள். அவர் ஓட்டும் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் தார்ப்பாயும் கயிறும் காலித் தண்ணீர்க் கேன்களும் கூரைவரை குவிந்திருந்தன. கயிற்றுச் சுருளை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு தார்ப்பாயை இழுத்தாள். தூசி எழும்பி வெயிலில் நின்றது.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க.”