ஒருத்தி வாயில் இருபத்து மூன்று பேர்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரச் சிறுவர் திரைப்பட விழாவுக்கு அவசரமாக ஒரு வாய் தேவைப்பட்டது. இருந்த வாய் முப்பது வருட அனுபவமுள்ள ஒரு பெரிய மனிதருடையது. புதன்கிழமை தொண்டை கட்டி, அது ஒரேயடியாக மூடிக்கொண்டது. படமோ வெள்ளி காலை ஒன்பதரைக்கு. மூன்று வருடமாக விண்ணப்பம் அனுப்பி, மூன்று வருடமும் "பிறகு பார்ப்போம்" என்ற பதிலை வாங்கிச் சேர்த்துவைத்திருந்த மிதுசாவுக்குத் தொலைபேசி வந்தது இப்படித்தான். அவள் ஹம் நகரத்துக்காரி, வயது இருபத்து நான்கு. பேசிவிட்டு வைத்ததும் குசினிக்குள் இரண்டு தரம் துள்ளினாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

வேலை இதுதான். வெளிநாட்டுப் படம் ஓடும்; திரையடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தை வாசிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் போதாது. அதனால் கடைசி வரிசைக்குப் பின்னால், சின்ன விளக்கு வைத்த மேசையில் ஒருவர் உட்கார்ந்து, வசனத்தாளைப் பார்த்து எல்லோருக்குமாக ஜெர்மனில் பேசுவார். கிழவனும் அவரே, குழந்தையும் அவரே, வண்டிக்காரனும் அவரே. ஒரே ஒரு சட்டம்: குரல் கேட்க வேண்டும், ஆள் இருப்பது தெரியக் கூடாது.

இந்த முறை படம் ஹொலிவுட்காரர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எடுத்தது. விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றின் கதை. வில்ஃபிரட் என்ற சிறுவன் மாமன் வீட்டில் அடிபட்டு, பள்ளிக்கூடத்தில் மிதிபட்டு, கடைசியில் மீசை வைத்த கனவானாக நிமிர்கிற கதை. பேசுகிறவர்கள் இருபத்து மூன்று பேர். மிதுசா இரண்டு நாளாக இருபத்து மூன்று பேராகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டு திரிந்தாள்.

அம்மா நேசமலருக்கு இது ஒரு தொழிலாகவே படவில்லை. அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினைந்து வருடமாக நிற்பவள். மாதம் முடிந்தால் சம்பளம் வருவதுதான் தொழில். மிதுசா வேலை செய்யும் காப்புறுதி அலுவலகமோ நிரந்தர ஒப்பந்தம் கொடுத்திருந்தது, திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் வாரம் நாற்பது மணி நேரம் கண்ணாடித் தடுப்புக்குள்தான். தாயும் மகளும் கத்திக் களைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சரிவந்து, விழாவை நடத்தும் ஃபிராவ் ப்ரேமர் என்ற அம்மையார் மிச்சக் காட்சிகளையும், இலையுதிர்காலத்தில் படம் ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணத்தின் பத்து ஊர்களையும் கொடுத்தால், கையெழுத்து இல்லை. கொடுக்காவிட்டால் மிதுசா வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பாள். நேசமலர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே ரயிலேறினாள். விழுந்தால் தூக்க ஆள் வேண்டாமா என்பது அவளுடைய நியாயம்.

நூற்றெண்பது பிள்ளைகள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். அந்த இரைச்சலைக் கேட்டதும் மிதுசாவுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நேசமலர் கடைசி வரிசையில், மகளுக்கு நேர் முன்னால், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஃபிராவ் ப்ரேமர் கைகட்டிக் கதவோரம் நின்றாள். விளக்கு அணைந்தது.

முதல் வசனம் மாமனுடையது. மிதுசா அதைச் சொன்னாள். தன் குரல் மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வருவதைக் கேட்டபோது முதுகெலும்பில் மின்சாரம் ஓடியது. நான்காவது நிமிடத்தில் மாமன் வழுக்கி வாத்துக் குளத்துக்குள் விழுந்தான். அவனுடைய "ஐயோ என் தொப்பி"யை மிதுசா ஓர் அரை நொடி தாமதித்துச் சொன்னாள். நூற்றெண்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். இனி இவளை யார் பிடிப்பது! மாமியானாள், சமையற்காரியானாள், திக்குவாய்ப் பாதிரியானாள். பக்கங்கள் பறந்தன.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் பக்கத்தைப் புரட்டினால், தாளில் வில்ஃபிரட் பள்ளிக்கூடத்தில் நிற்கிறான், திரையில் இன்னும் வீட்டில் நிற்கிறான். மிதுசா அடுத்த பக்கம் பார்த்தாள், முந்திய பக்கம் பார்த்தாள். அந்தக் காட்சி தாளிலேயே இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது: வசனத்தாள் பின்னாளில் வெட்டிச் சுருக்கிய பிரதிக்கு எழுதியது, வந்திருந்ததோ வெட்டாத முழுப்படம். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். திரையில் ஆட்கள் வாயசைக்கிறார்கள், மண்டபம் ஊமையாக இருக்கிறது. கதவோரம் ஃபிராவ் ப்ரேமரின் கட்டிய கை அவிழ்ந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மிதுசா தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு காதில் ஆங்கிலத்தை வாங்கி அப்படியே ஜெர்மனில் விட ஆரம்பித்தாள்.

இது அவளுக்குப் புது வேலையும் அல்ல. எட்டு வயதிலிருந்து அவள் பார்த்தது இதுதானே! வெளிநாட்டவர் அலுவலகத்தில், பல் வைத்தியரிடம், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், அம்மாவுக்கும் இன்னொரு பெரியவருக்கும் நடுவில் கால் தரையில் எட்டாத கதிரையில் இருந்து, அந்தப் பக்கத்தை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே இருந்தவள். திரையில் மாமியும் சமையற்காரியும் குறுக்கே குறுக்கே பேசினார்கள். மிதுசா ஒருத்தியையும் தவறவிடவில்லை. பயத்தை மீறி ஒரு குதூகலம் பொங்கியது. தாள் இல்லாமலே பறக்கிறாள்!

அப்போது மருத்துவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மாடியில் வில்ஃபிரட்டின் அம்மா. சிறுவன் கீழே காத்து நிற்கிறான். மருத்துவர் குனிந்து, அவன் தோளில் கைவைத்து, மூன்று வாக்கியம் சொன்னார். மிதுசா ஒலிவாங்கியில் சொன்னாள்:

"உன் அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, வில்ஃபிரட். மேலே போ. உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்."

அவர் சொன்னது அதுவல்ல. மிதுசாவுக்கும் அது தெரியும். ஆனால் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அந்தக் கதிரைகளில் இருந்த காலம் முழுக்க அவள் செய்தது அப்படித்தான். குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பார்களே, அப்படி அவள் தாய்க்கு முள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

திரையில் வில்ஃபிரட்டின் முகம் சுருங்கி, உதடு துடித்து, கண்ணீர் வழிந்தது. இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து ஒரு சிறுமி உரத்துக் கேட்டாள்: "கொஞ்சம்தானே சுகமில்லை? அப்படியென்றால் அவன் ஏன் அழுகிறான்?"

இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். நேசமலரின் தலை மெல்ல மகள் பக்கம் திரும்பியது. மிதுசாவின் முகம் எரிந்தது. அடுத்த வசனத்துக்குத் தாவினால் யாருக்கும் தெரியாது, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், பத்து ஊரும் கைக்கு வரும். ஆனால் அந்தப் பையன் அங்கே அழுகிறான், காரணத்தை இவள் தின்றுவிட்டாள். வெட்கமாக இருந்தது. வில்ஃபிரட் படியேறத் தொடங்கினான். நீளமான படி, யாரும் பேசவில்லை. மிதுசா தன் சொந்தக் குரலில் பேசினாள்:

"மன்னியுங்கள், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். மருத்துவர் சொன்னது இதுதான். உன் அம்மா பிழைக்க மாட்டார், வில்ஃபிரட். விடியும்வரை தாங்க மாட்டார். போய் விடைபெற்றுக்கொள்."

மண்டபத்தில் ஒரு சாக்லேட் தாள்கூடச் சரசரக்கவில்லை. வில்ஃபிரட் படி முடிந்து கதவைத் திறந்தான். உள்ளே அம்மா பேசினாள். மிதுசா அவளாகவும் மகனாகவும் பேசினாள், ஒரு சொல்லையும் மெதுவாக்காமல். முன்னால் மூக்குறிஞ்சும் சத்தங்கள் கேட்டன. கொஞ்ச நேரத்தில் படம் பள்ளிக்கூடத்துக்குப் போனது, தாளும் படமும் மறுபடி கைகோத்தன. சிறுவன் வளர்ந்து வேறு நடிகனாக வந்து நின்றபோது, மிதுசாவின் குரலும் அவனோடு ஒரு படி இறங்கிக் கனத்தது. மாமன் இரண்டாம் முறை குளத்துக்குள் விழுந்தபோது பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கத்தினார்கள். படம் முடிந்து விளக்கு வந்ததும் நூற்றெண்பது சோடிக் கால்கள் தரையில் இடித்தன. மிதுசாவுக்குச் சிரிப்பு வந்தது.

ஃபிராவ் ப்ரேமர் நேரே மேசைக்கு வந்தாள். படத்தின் நடுவில் குரல் மன்னிப்புக் கேட்பதில்லை, முப்பது வருடத்தில் தான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றாள். மிதுசா தலையாட்டினாள், போயிற்று என்று நினைத்தாள். ஃபிராவ் ப்ரேமர் தொடர்ந்தாள்: தாள் இல்லாமல் பதினொரு நிமிடம் பேசினதையும் தான் கேட்டதில்லை. அடுத்த காட்சி பன்னிரண்டரைக்கு. பத்து ஊருக்கும் தேதி மாலையில் வரும். பன்னிரண்டரைக்கு முன் மிதுசா எதையாவது சாப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற நேசமலர் வாழ்த்தவில்லை. மண்டபத்துக்கு வெளியே நடைவழியில், பிள்ளைகள் ஓய்ந்த பிறகு, வேறொன்று கேட்டாள்.

"பிள்ளை, எங்கட முதல் வீட்டுக்காரி ஒருநாள் படியிலை நிண்டு கத்தினவ எல்லே. என்ர சமையல் வாசம் மேல்மாடி வரைக்கும் வருதாம் எண்டு நீ சொன்னனி. அவ உண்மையா என்ன சொன்னவ?"

மிதுசா சுவரைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"இந்த நாத்தத்தோட இருக்க ஏலாது, உங்கட நாட்டிலை போய்ச் சமையுங்கோ எண்டவ, அம்மா."

நேசமலர் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மிதுசா பதறினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசையிலை சொல்லுறா எண்டு நான் மூண்டு வருசம் ஞாயிறு ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி குடுத்தனானடி. ஒரு கோப்பைகூட மிச்சத்தோட திரும்பேல்லை."

மிதுசாவும் சிரித்தாள். இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு முட்டச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நேசமலரின் கண் நிறைந்துவிட்டது. "எட்டு வயசுப் பிள்ளை. இதுகளையெல்லாம் நீ தனியவோ வைச்சிருந்தனி?" என்றாள். மிதுசா ஓம் என்று தலையை ஆட்டினாள். நேசமலர் மகளின் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டு, கைப்பையைத் திறந்தபடி ரிக்கெற் கவுண்டரை நோக்கி நடந்தாள். பன்னிரண்டரைக் காட்சிக்கு முன்வரிசையில் ஓர் இடம் கேட்டாள். ரிக்கெற்றை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இந்தமுறை முதலிலையே முழுசாச் சொல்லு" என்றாள்.