டிஸ்க் படிக்கவில்லை

காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போடுவேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துவேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சுவேன். டீக்குப் போக மிச்சமிருக்கும் பாலை உறை ஊற்றுவேன். அந்தத் தயிரை யாரும் சாப்பிடுவதில்லை. மறுநாள் கொட்டிவிட்டு மறுபடி உறை ஊற்றுவேன். அடுப்பு மேடையைத் துடைப்பேன். அலமாரியில் இருக்கும் தூக்குப்போசியை எடுத்து, அடியில் துடைத்து, அதே இடத்தில் வைப்பேன். குளிப்பேன். பூட்டைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய் வரைபடம் போடுவேன்.

அந்தத் தூக்குப் பாத்திரம் எங்களுடையதில்லை. என் மனைவி சண்முகப்பிரியாவின் பையோடும் ஹெல்மெட்டோடும் சேர்த்து போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தார்கள். பக்கவாட்டில் நசுங்கியிருந்தது. யாரோ கழுவிவைத்திருந்தார்கள். மூடியில் 'வீ.ரா.' என்று வெட்டியிருந்தது.

அன்று சேந்தமங்கலத்தில் அவளுடைய அண்ணன் மகள் கனிஷ்காவுக்குக் காதுகுத்து. பட்டறையில் வண்டி டெலிவரி இருந்ததால் நான் போகவில்லை. அவள் மட்டும் ஸ்கூட்டரில் போனாள். திரும்பி வரும் வழியில், ஹைவேயில் ஏறும் இடத்தில், லாரிக்கு அடியில் போய்விட்டாள். டிரைவர் தன்மேல் தப்பில்லை என்றான். அந்த அம்மா நேராக வந்துவிட்டார்கள் என்றான். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

எழவுக்கு வந்தபோது அவளுடைய அண்ணி பூங்கோதை அழுதுகொண்டே சொன்னது இது: "கெளம்பறப்ப போறேன்னு சொன்னாளுங்கண்ணா. என்ற காதுல உழுந்துச்சு. போறேன்னே சொல்லிட்டுப் போயிட்டா."

எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாரேன் என்பார்கள். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். சண்முகப்பிரியா குப்பை கொட்டத் தெருமுனைக்குப் போனால்கூட வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவள் போறேன் என்று சொன்னாள். லாரிக்கு நேராக வந்தாள். கையில் யாருடைய பாத்திரமோ இருந்தது.

அவள் வீட்டுக்கு வரத்தான் கிளம்பினாளா, இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

காதுகுத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். மைத்துனர் குணசீலனிடம் கேட்டேன். தருகிறேன் என்றார். மாதங்கள் போயின. ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். "டிஸ்க்கு அப்பவே குடுத்துட்டமுங்க. சீசன் முடிஞ்சா கம்ப்யூட்டர்ல அழிச்சுருவோம்" என்றார்கள். மறுபடி குணசீலனைக் கேட்டேன். ஒருநாள் காரை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி டிஸ்க்கை நீட்டினார்.

"இதப் பாத்து என்ன பண்ணப் போறீங்க மாப்ள?"

"சும்மாதான்."

"நாங்களே இன்னும் போட்டுப் பாக்கல. நீங்க எதுக்கு மனசக் கொடஞ்சுக்கறீங்க?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்பது கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர். டிஸ்க்கைப் போட்டேன். தட்டு உள்ளே போனது. பச்சை விளக்கு மினுங்கியது. உள்ளே சுற்றும் சத்தம் எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்து, நின்றது. 'டிஸ்க்கைச் செருகவும்' என்று திரையில் வந்தது. செருகித்தான் இருந்தேன்.

கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன். அதேதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். டிரைவை சிஸ்டத்திலிருந்து நீக்கி மறுபடி ஏற்றினேன். பெட்டியைத் திறந்து தூசி ஊதி, கேபிளைக் கழற்றி வேறு துளையில் மாட்டினேன். விளக்கு மினுங்கியது, சுற்றியது, நின்றது.

மேசை இழுப்பறையில் பிரிண்டரோடு வந்த டிஸ்க் கிடந்தது. போட்டேன். உடனே திறந்தது. கோயில் திருவிழாவில் வாங்கிய பக்திப் பாட்டு டிஸ்க் ஒன்று. அதுவும் பாடியது. பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் ஓடின. டப்பாவின் அடியில் எங்கள் கல்யாண டிஸ்க் இருந்தது. அதை மட்டும் எடுக்கவில்லை. அதைப் பார்க்கிற தெம்பு இல்லை. தேவையும் இல்லை என்று நினைத்தேன். டிரைவ் நன்றாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் கோளாறு டிஸ்க்கில்.

ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். எழுதப்பட்ட பகுதி வேறு நிறத்தில் வளையமாகத் தெரிந்தது. வெற்று டிஸ்க் இல்லை. ஓரத்தில், வளைவாக, நீளமாக ஒரு கீறல்.

மறுநாள் பட்டறையில் இனியனிடம் காட்டினேன். அவனும் நானும் ஒரே மேசை. அவன் வீடும் புதுச்சத்திரம்தான்.

"டிஸ்க்கா? இதெல்லாம் இன்னுமா இருக்குது? எங்க மக்காச்சோளக் காட்டுல கிளி வராம கயத்துல கட்டித் தொங்கவுட்டிருக்கறம்டா."

"படிக்க மாட்டேங்குது."

"உன்னயும்தான் காலேஜ்ல படி படின்னாங்க. நீ என்ன படிச்சயா?" என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். டிஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தான். "கீறிருக்குதே தமிழு. தானா உழுந்த கீறலாட்டத் தெரியல. ஊட்ல யூஎஸ்பில மாட்டற டிரைவு ஒண்ணு கெடக்குது. வேணுமா?"

"வேண்டாம். என் டிரைவ் நல்லாருக்கு."

"அப்ப யாரோ வேணும்னே..." என்று ஆரம்பித்து, "எனக்கென்னமோ தெரியலப்பா" என்று முடித்துக்கொண்டான்.

அதன்பிறகு எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. மாதக்கணக்கில் தராமல் இழுத்தார். முகம் பார்க்காமல் நீட்டினார். போட்டே பார்க்கவில்லை என்றார். போடாத டிஸ்க்கில் கீறல் எப்படி வரும்? காதுகுத்தில் ஏதோ நடந்திருக்கிறது. யாரோ அவளை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அது படத்தில் இருக்கிறது. குணசீலனுக்குப் போன் செய்தேன்.

"டிஸ்க்க யார் கீறுனது?"

"என்ன மாப்ள?"

"படிக்கலை. மத்ததெல்லாம் படிக்குது. இது மட்டும் படிக்கலை. என்ன இருக்குதுன்னு மறைக்கறீங்க?"

"ஞாயித்துக்கெழம வாரேன். நேர்ல கேளுங்க" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் கணவனும் மனைவியும் வந்தார்கள். கொடுத்த தண்ணீரைக் குணசீலன் தொடவில்லை. பூங்கோதை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. என்ற தங்கச்சி படத்த நான் எதுக்குக் கீறோணும்?"

"அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. சாப்புட்டா, சிரிச்சா, மொய் எழுதுனா, கெளம்புனா."

"போறேன்னு சொன்னாளாம்."

"சொன்னாதானுங்கண்ணா" என்றாள் பூங்கோதை. "நான் பந்தலுக்குள்ள நின்னுட்டிருந்தேன். அவ வாசல்கிட்ட. நான் ஏன் பொய் சொல்லோணும்?"

"அந்தப் போசி யாருது?"

"எங்க ஊட்டுதில்லீங்கண்ணா. அன்னைக்கே சொன்னனே."

நான் டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். மினுங்கியது, சுற்றியது, நின்றது. பிரிண்டர் டிஸ்க்கைப் போட்டேன். திறந்தது. "பார்த்தீங்களா?" என்றேன்.

குணசீலன் டிஸ்க் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். கலைத்து, அடியிலிருந்து கல்யாண டிஸ்க்கை உருவினார். "இதும் அதே ஸ்டுடியோதான. இதப் போடுங்க."

"அது வேண்டாம்."

"போடுங்க மாப்ள. இது ஓடுச்சுன்னா நான்தான் கீறுனேன்னு ஒத்துக்கறேன்."

போட்டேன். அந்த டிஸ்க்கை நாங்கள் இருவரும் இதே கம்ப்யூட்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். விளக்கு மினுங்கியது. சத்தம் எழுந்து, தணிந்து, எழுந்து, நின்றது. டிஸ்க்கைச் செருகவும்.

"ஏன், இதயும் நான்தான் வந்து கீறிட்டுப் போனனா?" என்றார் குணசீலன்.

பூங்கோதை, "கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

இரண்டு டிஸ்க்குகளையும் பக்கத்தில் வைத்தேன். ஓடாத இரண்டும் டிவிடி. ஓடியவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சிடி. போனில் தேடினேன். டிரைவுக்குள் சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு வேறொரு லேசர். ஒன்று செத்துப்போனாலும் மற்றது வேலை செய்யும். பார்ப்பவனுக்கு டிரைவ் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். சிடியை வைத்து டிவிடியைச் சோதித்திருக்கிறேன். கல்யாண டிஸ்க்கை முதலிலேயே போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"டிரைவ்தான் போயிருக்கு" என்றேன்.

குணசீலன் தண்ணீரை எடுத்துக் குடித்தார். இனியனிடம் வேறு டிரைவ் இருப்பதைச் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு தானே போய் வாங்கிவந்தார்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. மாட்டும்போது கீறலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தடுக்கும், குறிப்பிட்ட அந்த இடத்தில் படம் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கீறல் எழுதப்படாத பகுதியில் இருந்தது.

படம் ஓடியது. ஆசாரி, தாய்மாமன் மடி, கனிஷ்காவின் அழுகை. பந்தி. கொட்டுச் சத்தம். மைக்செட் வேறு. சண்முகப்பிரியா ஓரிரு இடத்தில் கடந்துபோனாள். நான் ஓட்டிவிட்டேன். கடைசியில் கேமராக்காரர் வாசல் வளைவை எடுக்கிறார். வளைவின் ஓரத்தில் அவளுடைய ஸ்கூட்டர். ஹெல்மெட் கையில். சமையல் கொட்டகைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வேகமாக வருகிறார். கையில் தூக்குப்போசி.

"இது யாரு?"

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வீதி ராமாயக்காங்க. வீரண்ணன் சம்சாரம். சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்துச்சு." சொல்லிவிட்டு அலமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடியில் வீ.ரா.

"அந்தக்கா இத்தன நாளா கேக்கவே இல்லியே" என்றாள்.

"எழவு ஊட்ல போய்ப் போசி எங்கன்னு எந்த மூஞ்சில கேக்கும்?" என்றார் குணசீலன்.

படத்துக்குள் பூங்கோதை, பந்தலிலிருந்து கையாட்டி ஏதோ கேட்கிறாள். சண்முகப்பிரியா திரும்புகிறாள். வாய் அசைகிறது. கொட்டு அடங்கும் இடைவெளியில், தெளிவாக, "போறேன்."

"கேட்டீங்களாண்ணா? இதத்தானுங்க நான்..."

பின்னால் இழுத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி. கொட்டுக்கு அடியில் அவள் குரல் இருந்தது. மூன்று பேரும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தோம்.

பந்தலிலிருந்து பூங்கோதை: "ஏம்புள்ள, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

அவள்: "அவுரு சாப்புடாம இருப்பாருங்கண்ணி. கறி எடுத்துட்டுப் போறேன்."

பூங்கோதை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "எனக்குக் கடைசிதானுங்கண்ணா கேட்டுச்சு" என்றாள். "கடைசி மட்டுந்தான் கேட்டுச்சு." அவள் பொய் சொல்லியிருக்கவில்லை. குணசீலன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ராமாயி போசியின் மூடியை அழுத்தி, தாம்புக் கயிற்றுத் துண்டால் கட்டுகிறார். சண்முகப்பிரியா அதை வாங்கி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டுகிறாள். ஆட்டிப் பார்க்கிறாள். ஹெல்மெட் போடுகிறாள். கேமரா நகரப்போகிறது. அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ராமாயியிடம் சொல்கிறாள்:

"வாரேனுங்கக்கா. போசிய நாளைக்குக் கொண்டாந்து தாரேன்."