ஆறு மீட்டர் கோட்டுக்கு மேலே

இடது ஓர ஆட்டக்காரியின் நகங்கள் முதல் பாதி ஆட்டத்திலேயே ஓர் அரிசி நீளம் வளர்ந்துவிட்டன. ஆட்டம் தொடங்குமுன் நடுவர் எல்லாருடைய கைகளையும் திருப்பிப் பார்த்து, நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது என்று தலையசைத்திருந்தார். இடைவேளை முடிந்து வந்தபோது எதிரணிப் பெண்ணொருத்தி தோளில் கீறலோடு போய் முறையிட, நடுவர் இவள் விரல்களை மறுபடி பார்த்து, "போய் வெட்டிட்டு வா" என்றார். ஆட்டம் இரண்டு நிமிடம் நின்றது. அன்று முதல் அணியின் முதலுதவிப் பையில் வலி ஸ்ப்ரேக்கும் பிளாஸ்திரிக்கும் பக்கத்தில் ஒரு நகவெட்டியும் இருந்தது. அவள் அந்த அணியில் சேர்ந்து அது மூன்றாவது சீசன்.

ஹேண்ட்பாலில் கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் தூரத்தில் அரைவட்டமாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. ஆனால் வெளியிலிருந்து எம்பி, அரைவட்டத்துக்கு மேலே காற்றில் இருக்கும்போது பந்தை எறியலாம். கால் தரையைத் தொடுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருந்தால் போதும். மற்றவர்களுக்கு அது ஒரு நொடிகூட இல்லாத வேலை. பார்ப்பவர்களுக்கு அவள் எம்பியதும் அப்படித்தான் தெரிந்தது. காற்றில் இருந்த அவளுக்கோ, பந்தை விடும்வரை நேரம் அப்படியே நின்றது. முதல் சீசனில் கால்மணி நேரம் இருந்து பார்த்து, கோல்கீப்பர் எந்தக் காலில் எடையை ஊன்றியிருக்கிறாள் என்று கண்டுபிடித்து எறிந்தாள். பிறகு அது அரை நாளாயிற்று, பிறகு நாட்களாயிற்று. அங்கே பசியில்லை, தூக்கமில்லை, வலது முழங்காலின் வலியும் இல்லை. கண்ணை மட்டும் அசைக்க முடியும். தலைமுடியும் நகமும் வளரும், வயதும் ஏறும். நகம் ஓர் அளவுக்கு மேல் தானாக உடைந்து விழுந்துவிடும்.

கோல்கள் குவிந்தன. "விசில்" என்று எல்லாரும் அழைத்த பயிற்சியாளரிடம் அவள் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோல் விழுந்தா சரி. நீ பாட்டுக்கு இருந்துட்டு வா" என்று சொல்லி, அடுத்த ஆட்டத்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போய்விட்டார். எதிரணி கோல்கீப்பர்களை அவர்கள் வீட்டாரைவிட நன்றாக அவள் அறிந்திருந்தாள். ஒருத்தி கைகளை விரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொருத்திக்கு அழுது முடித்த முகம், அவளையே பதினொரு நாள் பார்த்திருந்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் தேடிப்போய் "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்டாள். முன்பின் பேசியிராத அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

இருபத்தெட்டு வயதில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது அணி மருத்துவர் படத்தை விளக்கில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "எலும்பு உன் வயசை ஒத்துக்க மாட்டேங்குது. நாப்பதுங்குது" என்றார். அவள் ஆமாம் என்றாள். அவர் சீட்டில் நாற்பது என்று எழுதிச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. நாளெல்லாம் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள். பத்தொன்பது வயதில் இவளைப் பெற்றவள். மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்துவிட்டு அம்மா மடித்து வைத்தாள்.

"வேலைக்குப் போனா வயசு ஆகத்தான் செய்யும், எனக்கும் ஆச்சு. ஆனா நீ சட்டுனு எறிஞ்சிட்டு இறங்கலாமே. ஏன்டி அங்கேயே நிக்கிற?"

மகள் பந்து வழுக்காமலிருக்க விரல்களில் பூசியிருந்த பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க யாரும் என்னைக் கூப்பிடறதில்லம்மா."

அம்மா சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஐந்து வருடங்கள் போயின. அணி இரண்டு கோப்பை வாங்கியது, ஒருமுறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கி மறுபடி ஏறியது. அவளுடைய முடி ஓரத்தில் நரைத்தது. கடைக்காரர்கள் இருவரையும் அக்கா தங்கை என்று நினைத்தார்கள். முதலில் அம்மா மறுத்துக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். முப்பத்து மூன்றாம் வயதில் மகள் இந்த சீசனோடு போதும் என்று அறிவித்தாள். அப்போது அவள் வாழ்ந்து முடித்திருந்தது ஐம்பது வருடம். கடைசி ஆட்டத்தன்று காலையில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நமக்குள்ள இன்னும் ரெண்டு வயசுதான் பாக்கி. அதை மட்டும் தாண்டிடாத. உனக்கு மூத்தவளா இருந்துதான் எனக்குப் பழக்கம்."

"சரிம்மா" என்றாள் மகள். அப்போது அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

கோப்பை கிடைக்க அன்று ஜெயித்தாக வேண்டும். கடைசி இருபது நொடியில் இருபத்தாறுக்கு இருபத்தாறு. பந்து இடது மூலைக்கு வந்தது. அவள் மூன்று அடி வைத்து எம்பினாள். வழக்கம்போல எல்லாம் நின்றது. கோல்கீப்பரின் இடது தோளுக்கு மேலே பந்து புகும் அளவுக்கு இடம் இருந்ததை அவள் முதல் மணி நேரத்திலேயே பார்த்துவிட்டாள். எறிந்தால் இறங்கிவிடுவோம், இனி இங்கே வரவே முடியாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்துக்கொண்டாள். கோலுக்குப் பின்னால் நான்காவது வரிசையில் அம்மா பாதி எழுந்த நிலையில் இருந்தாள். மடியிலிருந்த பை சரிந்து விழப்போய் அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. நீராவியில் வெந்து மினுங்கிப்போன கன்னம். ஏதோ சொல்லத் திறந்த வாய். பிறந்ததிலிருந்து அம்மாவின் முகத்தைச் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருத்தி பயிற்சியிலிருந்து வருவாள். அவள் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு வருடம் கடந்தபோது அவளுக்குத் தெரிந்தது. வாக்குக் கொடுத்தது நினைவில் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்பதாவது வருடத்தில்தான், அம்மா என்ன சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள் என்று கேட்க ஆசை வந்தது. பந்தை விட்டாள்.

குட்டைமுடியோடு எம்பியவள் முழங்கால்வரை வெள்ளை முடியோடு தரையிறங்கியதைக் கூட்டம் பார்த்தது. ஒன்பது வருடத்தில் குறி மறந்துபோயிருந்ததால் பந்து கோல்கீப்பரின் முழங்கையில் பட்டு வெளியே போயிற்று. ஆட்டம் சமனில் முடிந்தது. கோப்பை வேறு ஊருக்குப் போனது. விசில் அவள் தோளில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா படிகளில் இறங்கி வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பிசின் போவதற்காக மகளின் விரல்களில் எண்ணெய் தேய்த்தாள்.

"எவ்வளவு நாள்?"

"ஒம்பது வருஷம்."

"அவ்வளவு நாளா என்னத்தடி பாத்த?"

"உன்னைத்தான்."

பிசின் எப்போதோ போய்விட்டிருந்தது. அம்மா மறுபடி கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கடைசியா நான் என்ன கத்தினேன், கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு. எறிடின்னு" என்றாள் மகள்.

அதன் பிறகு கனமான பைகளை அம்மா தூக்கினாள். பேருந்தில் இளைஞர்கள் மகளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள்; அம்மா நின்றுகொண்டு வந்தாள். மழைநாளில் மகளுக்கு மூட்டு வலித்தால், "எனக்கு இன்னும் வரல, எப்படி இருக்கும்?" என்று அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மறு வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். வாசலில் நின்றபடியே படிவத்தை விரித்து, குடும்பத் தலைவி யார் என்று கேட்டாள். அம்மா தன்னைச் சொல்லி, வயது ஐம்பத்து மூன்று என்றாள்.

"கூட இருக்கறது?"

"என் பொண்ணு. அறுபது."

ஆசிரியை நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அவள் மகள், அறுபது என்று எழுதினாள்.

"ரூம் எத்தனை?"

"ரெண்டு" என்றாள் அம்மா.